நரி குடியிருந்த வீடு

"அதுக்கு மேல ஒரு அடி வைக்காதீங்க."

சாவியும் கையுமாக நின்றவன் திரும்பினான். மழையில் நனைந்த முகம்... கடல் நிறத்துக் கண்கள். அவனைத் தடுத்த ஹெர்டிஸுக்குக் காரணமில்லாமல் எரிச்சல் வந்தது.

"எங்க வீடுங்க இது. கோடைக்குத் தங்க வந்திருக்கேன்."

"இந்தக் கோடைக்கு நரி வீடு. படிக்கட்டுக்கு அடியில பனிநரி வளை தோண்டி அஞ்சு குட்டி போட்டிருக்கு. நான் இந்தச் சரணாலயத்துக் காவலர். ஆள் நடமாடினா தாய் மிரண்டுடும், குட்டிங்க பிழைக்காது."

"அப்ப நான் எங்க தூங்குறது?"

"கூடாரம் இல்லையா?"

"இருக்கு. ஒழுகும்."

"நல்லது. குளிக்கிற வேலை மிச்சம்."

அவன் பெயர் ஸ்டர்லா. எதிரே இருந்த மேட்டில் கூடாரம் போட்டான். ஐஸ்லாந்தின் அந்த வடமேற்கு முனையில் மழை விடுவதாக இல்லை. தினமும் காலையில் ஹெர்டிஸ் தூரக்கண்ணாடியோடு வந்தாள். தினமும் அவன் காப்பி நீட்டினான். கருவாட்டில் வெண்ணெய் தடவிக் கொடுத்தான்.

"மீன் துண்டை நரிக்குப் போடலையே?"

"காவலருக்கு மட்டும்தான் போடுறேன்."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். எட்டு நாளாகக் குட்டிகள் வெளியே தலைகாட்டவில்லை. மழையென்று நினைத்தாள். அருகில் போய்ப் பார்த்திருக்கலாம்... நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டாள். என்ன ஆயிற்று தனக்கு?

பதினோராம் நாள் படகில் ஸ்டர்லாவின் அப்பா ஈங்வார் வந்து இறங்கினார். நிமிர்ந்த முதுகு, கறுப்புத் தொப்பி. மகன் கூடாரத்தில் கிடப்பதைக் கண்டு காரணம் கேட்டதும் அவர் முகம் இறுகியது.

"எங்க தாத்தா கட்டின வீடு. நரி வேட்டையில பேர் வாங்கின குடும்பம், நரிக்குப் பயந்து வெளியில நிக்கிறதா? வழி விடும்மா."

ஹெர்டிஸ் பாதையின் குறுக்கே நின்றாள். "என்னைத் தள்ளிட்டுப் போங்க பெரியவரே."

"பொண்ணுங்க மேல கைவைக்கிற குடும்பம் இல்ல இது. உன்னைத்தான் மரியாதை சொல்லித்தராம வளர்த்திருக்காங்க."

அவள் கண் கலங்கியது. நகரவில்லை.

"அப்பா, போதும்," என்றான் ஸ்டர்லா. "வளை காலி. மூணாம் நாள் விடியக்காலையிலேயே தாய் ஒவ்வொரு குட்டியா கவ்விட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு. நான் பார்த்தேன்."

ஹெர்டிஸ் மெல்லத் திரும்பினாள். "அப்புறம் எதுக்கு எட்டு நாள் மழையில கிடந்தீங்க?"

"சொன்னா... நீங்க வரமாட்டீங்களே."

ஈங்வார் மகன் பக்கம் திரும்பினார். "பொய் சொல்லி ஒரு பொண்ணை அலைய விட்டிருக்கே. அவகிட்ட மன்னிப்புக் கேளு." பிறகு தொப்பியைக் கழற்றினார். "நானும் கேட்டுக்கிறேன்மா. உன் வளர்ப்பைப் பேசினது தப்பு." விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மழை தூறியது. ஸ்டர்லா தலை குனிந்து நின்றான்.

"என் மேல கோபமா?"

"ரொம்ப. என் மேலயும்தான். அஞ்சு குட்டிங்களைக் காணோம்னா ஒரு காவலர் என்ன செய்யணும்? கிட்டப் போய்ப் பார்க்கணும். நான் பார்க்கலை. தினமும் வந்தேன்... காப்பி குடிச்சேன்... போனேன்."

"ஏன்?"

"வளை காலின்னு தெரிஞ்சுட்டா," அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், "நான் எந்தச் சாக்குல வர்றது?"