திருகாணி மேல் ரோஸ் பொட்டு

"நேத்து எனக்கு இரங்கல் சொன்னாங்க சார். நானே உக்காந்து கேட்டேன்."

வந்தவர் ஓய்வுபெற்ற தட்டச்சர். எழுந்து போகச் சொன்னால் உடனே போய்விடத் தயாரானவர் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே இருந்தவர் காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரியாக இருந்தவர். அக்கம்பக்கத்தில் 'விசாரணை' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். அருகே அவருடைய மைத்துனர், முன்னாள் பஸ் டிக்கெட் பரிசோதகர்.

"உயிரோட இருக்கிறவருக்கு இரங்கலா? கேஸ் நல்லா இருக்கே மாமா" என்றார் மைத்துனர்.

தட்டச்சர் விவரம் சொன்னார். வீட்டில் ஒரு பழைய அமெச்சூர் ரேடியோ இருக்கிறது. கேட்பதும் பேசுவதும் ஒரே பெட்டியில். மாலையானால் பல ஊர் நண்பர்கள் அதில் கூடுவார்கள். அவர்களில் 'கப்பல்காரர்' என்பவர் நெருக்கம்; ஏதோ ஒரு கடலோரத்தில் தனியாக வசிப்பவர். கொஞ்ச நாளாக அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்கிறது. இவர் பேசுவது யாருக்கும் கேட்கவில்லை.

"போன் பண்ணிச் சொல்ல வேண்டியதுதானே?" என்றார் மைத்துனர்.

"நம்பர் கேக்கிறது எங்களுக்குள்ள கௌரவக் குறைச்சல் சார். காத்துல பழகினோம், காத்தோடவே இருக்கட்டும்னு." தட்டச்சர் நாற்காலியில் இன்னும் முன்னே நகர்ந்தார். "கப்பல்காரர் தினம் கூப்பிடுறாரு. இருக்கேன், இருக்கேன்னு நானும் கத்துறேன். நேத்து, 'அவர் போயிட்டார் போல. நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துட்டு நானும் பெட்டியை மூடிடுறேன்'னாரு. அந்த நாளைக்குங்கிறது இன்னைக்கு சாயங்காலம் சார்."

"யார் மேல சந்தேகம்?" என்றார் விசாரணை.

"மாடி வீட்டுக்காரர் கீபோர்டு வாசிக்கிறவர். நான் பேசினா என் தொண்டை அவர் ஸ்பீக்கர்ல கரகரக்குதுன்னு சண்டை போடுவாரு. இப்பல்லாம் சிரிச்சுக்கிட்டே போறாரு. அப்புறம் மெக்கானிக். ஆன்டெனா சரி, வயர் சரின்னுட்டு, வயசான பெட்டி, எனக்குக் கொடுத்துடுங்கங்கிறாரு. மூடியைத் திறக்க எனக்குப் பயம். பேசுறது மட்டும்தான் என் வேலை."

வெயில் தாழும் நேரத்தில் மூவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். முன்னறையில் பெட்டி இருந்தது. பேசும் சக்தியைக் காட்டும் அளவுமானியின் முள் என்றோ செத்துப் போயிருந்தது. ஆன்டெனா கம்பி சமையலறைக் கூரை மேலாகச் சென்றது. விசாரணை சொல்லி அனுப்பியதால் மாடி வீட்டுக்காரரும் மெக்கானிக்கும் வந்து ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

தட்டச்சரின் மனைவி தேநீர் கொண்டுவந்தார். "சர்க்கரை கம்மியாப் போட்டிருக்கலாமோ" என்று விசாரணை முணுமுணுத்தார்.

"வேற கொண்டுவரவா?" என்றார் அந்த அம்மா உடனே. அவர் காதில் ஒரு செவிக்கருவி. அதன் மேல் சின்னதாக ரோஸ் நிறப் பொட்டு.

"கழட்டி வெச்சா தேடக் கஷ்டமா இருக்குன்னு நகப்பூச்சு வெச்சிருக்கா" என்றார் தட்டச்சர். "முன்னெல்லாம் சாயங்காலமானா கழட்டி டப்பாவுல போட்டுடுவா. இப்பத்தான் மாட்டிக்கிட்டே இருக்கா. நாங்க சந்திச்சதே ரேடியோ கம்பெனியிலதான் சார். நான் டைப்பிங், அவ அசெம்பிளி."

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். பேசும் சக்தியைக் கூட்டவும் குறைக்கவும் உள்ளே ஒரு சிறு திருகாணி மட்டுமே உண்டு. இது அந்தக் காலத்துப் பெட்டி. அந்தத் திருகாணி கடைசி வரை குறைத்துத் திருப்பப்பட்டிருந்தது. அடியில், அது நகராமல் இருக்க முன்பு வைத்திருந்த பொட்டு உடைந்து விழுந்த சிவப்பு பெயின்ட் துகள்கள்.

"மாடிக்காரர்தான் மாமா" என்று மைத்துனர் காதைக் கடித்தார். "முகத்தைப் பாருங்க, டிக்கெட் எடுக்காத முகம்."

"அவரா இருந்தா வெளிய தொங்குற கம்பியை வெட்டியிருப்பாரு மாப்ள. இதைத் திருப்பினவங்க, திருப்பினது நகராம இருக்க மேல ஒரு பொட்டு வெச்சு ஒட்டியிருக்காங்க. கெடுக்க வந்தவன் அந்த வேலையைச் செய்ய மாட்டான். அது கம்பெனியில பழகின கை."

"அப்போ மெக்கானிக்."

"நான் சிவப்பு பெயின்ட்தான் வெப்பேன்" என்றார் மெக்கானிக் அவசரமாக. "ஆனா மூடியைத் திறக்கலைங்கிறது நிஜம். திறந்தா பெட்டிக்கு உயிர் வந்துடும், அப்புறம் எனக்கு எங்க கிடைக்கும்."

திருகாணி மேல் இருந்த பொட்டு ரோஸ் நிறம். தட்டச்சர் அதைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி மனைவியின் காதைப் பார்த்தார்.

"இவர் மைக்கை எடுத்தா உங்க காது மெஷின்ல இரைச்சல் வந்திருக்கும், இல்லையாம்மா?" என்றார் விசாரணை.

"மண்டைக்குள்ள தகரம் கிழிக்கிற மாதிரி." அந்த அம்மா முந்தானையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கழட்டினா ஒண்ணுமே கேக்காது. சாயங்காலம் பூரா இவர் யாரோடவோ சிரிக்கிறதை வாய் அசையிறதுல பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் தட்டச்சர்.

"சொன்னா மூடி வெச்சிடுவீங்க. உங்களுக்கு வேற யாரு இருக்கா? நீங்க வெளிய போனப்ப மைக்கைப் புடிச்சுக்கிட்டு, இரைச்சல் நிக்கிற வரைக்கும் திருப்பினேன். பேசிப் பாத்துத்தானே திருப்பணும். ஏங்க, ஏங்கன்னு சொல்லிச் சொல்லித் திருப்பினேன். வேற யாரைக் கூப்பிட? ஆனா உங்க குரல் கூரையைக் கூடத் தாண்டலைன்னு எனக்குத் தெரியாது. இருக்கேன்னு நீங்க கத்தினதையும் வழக்கமான அரட்டைன்னுதான் நினைச்சேன், நீங்களும் சொல்லலை."

மாடி வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போனார். மெக்கானிக் தன் பையை மூடினார்.

பெட்டியில் கரகரப்பு எழுந்தது. கப்பல்காரர் கூப்பிட்டார்; சற்று விட்டு மறுபடி கூப்பிட்டார்.

அந்த அம்மா உள்ளே போய், முனை தட்டையாகச் சீவிய பிளாஸ்டிக் பின்னல் ஊசியைக் கொண்டுவந்தார். திருகாணியில் இரும்பு படக் கூடாது என்பது கம்பெனி நாளிலிருந்தே அவருக்குத் தெரியும். செவிக்கருவியைக் கழற்றி டப்பாவில் போட்டார். பொட்டை உடைத்துத் திருகாணியைப் பழைய இடத்துக்குத் திருப்பிவிட்டு, பேசுங்கள் என்று கையால் சைகை காட்டினார்.

தட்டச்சர் மைக்கை அழுத்தினார். "இருக்கேன்."

கரகரப்பு நின்றது. பிறகு கப்பல்காரரின் குரல் நடுங்கி வந்தது. "அடப்பாவி. உனக்காக ரெண்டு நாளா நான் சரியாச் சாப்பிடலை. எங்கே போய்த் தொலைஞ்சே?"

மைத்துனர் கைதட்டப் போனார். விசாரணை அவர் கையைப் பிடித்து வாசல் பக்கம் நகர்த்தினார்.

"என்ன சொல்றாரு?" என்று அந்த அம்மா கேட்டார். தனக்கே கேட்காத குரல் என்பதால் சற்று உரக்கவே கேட்டார்.

தட்டச்சர் மைக்கை மேசை மேல் வைத்தார். நாற்காலியை மனைவி பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி, கப்பல்காரர் திட்டியதை முதலிலிருந்து ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்ல ஆரம்பித்தார். பின்னால் கப்பல்காரர் மறுபடி கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.