ஒன்பதாம் தளத்துப் புகை

விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கே மணல்முனைத் துறைமுகத்தின் ஒன்பதாம் தளத்தில் பாய் விரித்து இடம் பிடித்துவிட்டாள் ஜெசிந்தா. கப்பலின் புகை காற்றோடு வந்து இறங்கும் பக்கம், முதல் வரிசை. அதைவிட நல்ல இடம் கிடையாது. ஐந்து வயது மகள் நித்திலாவை மடியில் இருத்தி, மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, முகத்தைக் கப்பலின் பக்கம் திருப்பினாள்.

"நல்லா இழு கண்ணு. வயிறு உப்பணும்."

சுற்றிலும் இருநூறு பிள்ளைகள் இருப்பார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டையில், அண்ணாந்து, வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் விளையாடவில்லை, அழவுமில்லை. கப்பலின் எஞ்சின் சத்தம் மட்டும் தரைக்கு அடியில் யாரோ கதவைத் தட்டுவது போல விடாமல் கேட்டது. மேல்தட்டில் ஆள் நடமாட்டமே இல்லை. கரும்புகை மேலே எழும்பி, ஏதோ யோசிப்பது போல் சற்று நின்று, பிறகு மெல்ல இறங்கி அந்தச் சட்டைகளின் மேல் படிந்தது.

"காற்று தென்கிழக்கு. மூன்றாம் வரிசையினர் பத்தடி இடப்பக்கம் நகரவும்" என்றது ஒலிபெருக்கி. மூன்றாம் வரிசைப் பாய்கள் ஒரே நேரத்தில் நகர்ந்தன.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு முன், கப்பல்கள் கசடெண்ணெயை எரித்துக்கொண்டிருந்தன. எண்ணெயையெல்லாம் வடித்தெடுத்த பிறகு அடியில் தங்கும் தார் போன்ற மிச்சம் அது. அதன் புகையில் வனேடியம், நிக்கல் என்ற உலோகங்கள் கண்ணுக்குத் தெரியாத பொடியாக வந்து துறைமுகத்து மக்களின் நெஞ்சுக்குள் இறங்கின. ஊர் வழக்குப் போட்டது, ஜெயித்தது. பாதிக்கப்பட்ட பிள்ளைகளுக்காகக் குன்றின் மேல் கண்ணாடிக் கூரையிட்ட தூய்காற்றுப் பள்ளி ஒன்றைக் கப்பல் நிறுவனங்கள் நடத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பாதிக்கப்பட்டதற்குச் சான்று? மூச்சுமானியில் ஊதினால் உடம்பில் ஏறிய உலோகத்தின் அளவு எண்ணாக வரும். நாற்பதோ அதற்கு மேலோ இருந்தால் இடம் உண்டு. இல்லாவிட்டால் இல்லை.

பள்ளி நல்ல பள்ளியாக அமைந்துவிட்டது. நிலாக் குடியேற்றத்துக்கு ஆள் எடுக்கும்போது அங்கே படித்தவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அப்புறமென்ன? நாற்பது என்பது மதிப்பெண் ஆயிற்று. தெருவுக்கு ஒரு மூச்சுப் பயிற்சி நிலையம் வந்தது.

"என்னக்கா, எத்தனை வந்திருக்கு?" பக்கத்துப் பாயில் மகனோடு இருந்த சந்தனமாரி கேட்டாள். ஒரே தெருக்காரி.

"முப்பத்தொண்ணு."

"ஐயோ! மாசக் கடைசியில ஊதணும், இன்னும் அஞ்சு நாள்தான இருக்கு? எங்க வீட்டுல நாப்பத்தேழு. இவன் தூங்கும்போதும் வாயத் தொறந்துக்கிட்டேதான் தூங்குவான். அதான் கடகடன்னு ஏறுது."

"குடுத்து வச்சவ."

"ஒங்க பொண்ணு மூக்கால மூச்சு விடுதா. மூக்குல முடி இருக்குல்லா, பாதியை அதுவே புடிச்சு வச்சுக்கிடும். டியூஷன்ல சொல்லித் தரலயா?"

நித்திலா இருமினாள். ஒரு வாரமாக இருமல். கர்ச்சீப் அங்கே ஆகாது. கொண்டுவந்தால் எல்லாரும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஜெசிந்தா தன் உள்ளங்கையை மகளின் வாயருகே பிடித்தாள். கையில் எச்சிலோடு சாம்பல் நிறக் கோடு ஒன்று விழுந்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள்.

ஜெசிந்தா குடிநீர் வாரியத்தில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதும் வேலையில் இருப்பவள். எதையும் தேதி போட்டுக் குறித்துவைப்பாள். நித்திலாவுக்கென்று ஒரு நோட்டு இருந்தது. அதில் தேதி, காற்றின் திசை, துறையில் நின்ற கப்பல்கள், மதிப்பெண் என்று நான்கு பத்திகள். முப்பத்தொன்று ஏன் அசையவில்லை என்று பார்க்க நோட்டைப் புரட்டியவள், மே பன்னிரண்டில் விரலை வைத்து நிறுத்தினாள்.

பன்னிரண்டு முதல் பதினான்கு வரை ஒன்பதாம் தளத்துக் கப்பலில் பழுது பார்த்தார்கள். எஞ்சின் ஓடவில்லை. அந்த மூன்று நாளும் துறையில் வேறு பதினான்கு கப்பல்கள் வந்து போயிருந்தன. காற்று கடலிலிருந்துதான் அடித்தது. ஆனால் நித்திலாவின் மதிப்பெண் ஒன்றுகூட ஏறவில்லை. இரண்டு குறைந்திருந்தது.

பிள்ளையைச் சந்தனமாரியிடம் விட்டுவிட்டு அவள் கப்பலின் ஏணிப் பக்கம் போனாள். அங்கே காவலி நின்றது. கப்பலைப் பார்த்துக்கொள்ளும் இயந்திரம். ஆள் உயரம், புகை படிந்து முகமே கறுத்துப்போயிருந்தது.

"வணக்கம் அம்மா. வரிசை அந்தப் பக்கம்" என்றது.

"இந்தக் கப்பல் எந்த ஊருக்குப் போகுது?"

"எங்கும் போகாது அம்மா."

"எப்ப வந்துச்சு?"

"முப்பத்தொரு ஆண்டுகள் ஆகின்றன. எஞ்சினுக்கும் கப்பலைத் தள்ளும் சுழலிக்கும் இடையே உள்ள தண்டை அப்போதே அறுத்துவிட்டார்கள்."

"அப்ப மத்த கப்பலெல்லாம்?"

"காற்றுப்பாயிலும் சூரிய மின்சாரத்திலும் ஓடுகின்றன. கசடெண்ணெய் எரிப்பது உலகில் இது ஒன்றுதான். அதுவும் மே மாதம் மட்டும். மற்றப் பதினொரு மாதமும் மணல்முனைக் காற்றில் உலோகம் கிடையாது. குன்றின் மேல் உள்ள காற்றும் இந்தக் காற்றும் ஒன்றே."

"பெறவு எதுக்கு எரிக்கீங்க?"

காவலி தன் மார்புத் தகட்டைத் திறந்து காட்டியது. உள்ளே காகிதங்கள். முப்பத்தொரு மனுக்கள், ஒவ்வொன்றின் கீழும் நூற்றுக்கணக்கில் கையெழுத்து. *எங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தைக் கருதி…*

"பெற்றோர் கேட்டார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மனு வந்தால்தான் முழு மாதம் எரிக்க அனுமதி. இந்த ஆண்டு மனு இன்னும் வரவில்லை. இன்று நண்பகலுக்குள் வராவிட்டால் எஞ்சினை அணைத்துவிடுவேன்" என்றது காவலி. பிறகு, ஏதோ ஆறுதல் சொல்வது போல, "அணைத்தால் நாளடைவில் எல்லாருக்கும் தானாகவே இறங்கிவிடும் அம்மா" என்றது.

ஜெசிந்தா திரும்பி ஓடினாள். பாய்களுக்கு நடுவே நின்று, நோட்டைத் தூக்கிப் பிடித்து, கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். பிள்ளைகள் வாயை மூடவில்லை.

முதலில் வாய் திறந்தவள் சந்தனமாரிதான். "இத ஜூன் ஒண்ணாந்தேதி சொல்லியிருக்கக் கூடாதாக்கா?"

"என்ன சொல்லுத நீ? வெளிய நல்ல காத்துதான் இருக்கு. இங்க வந்து நாமளே புள்ளைகளுக்கு…"

"நல்ல காத்து இருந்தா? சீட்டு இருக்கா?"

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். "எம்பையனுக்கு முப்பத்தொம்பது தங்கச்சி. ஒரே ஒரு மார்க். இன்னைக்கு அணைச்சாவன்னா அவன் என்ன ஆவான்?"

"இந்தம்மா பொண்ணுக்கு ஏறல. அதான் எல்லாருக்கும் வேண்டாங்காவ" என்று எங்கிருந்தோ ஒரு குரல்.

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஜெசிந்தா மகளைப் பார்த்தாள். நித்திலா சொன்னபடியே கேட்டு, மூக்கை விரலால் பொத்திக்கொண்டு, வாயால் இழுத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் நின்றது. எஞ்சின் நின்றால் இருமல் நின்றுவிடும். முப்பத்தொன்றும் நின்றுவிடும். அடுத்த வருஷம் ஆறு வயது. அப்புறம் விண்ணப்பமே வாங்க மாட்டார்கள். இந்த இருநூறு பேரும் குன்றில் ஏறும்போது இவள் மட்டும் கீழே நின்று பார்ப்பாள்.

"மனுவுக்கு மணி ஆகுதுல்லா?" சந்தனமாரி மெதுவாகச் சொன்னாள். "ஒங்களுக்குத்தான் நல்லா எழுத வரும். ஆபீசுல எழுதுற கை."

மணி பத்தே முக்கால். ஜெசிந்தா பாயில் உட்கார்ந்தாள். நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்தாள். வலப்பக்கம் தேதி போட்டாள். பெறுநர், பொருள், பார்வை என்று முறையாக வரிசைப்படுத்தினாள். ஒற்றுப்பிழை இல்லாமல் எழுதினாள். மே பன்னிரண்டு முதல் பதினான்கு வரை எஞ்சின் நின்றதால் பிள்ளைகள் இழந்த நாட்களைச் சுட்டிக்காட்டி, அதற்கு ஈடாகக் காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக எரிக்கும்படி, தன் அட்டவணையையும் இணைத்துக் கேட்டுக்கொண்டாள். முந்தைய முப்பத்தொரு மனுக்களில் எதிலும் இவ்வளவு தெளிவு இருந்ததில்லை என்று காவலி பாராட்டியது.

மே முப்பத்தொன்றாம் தேதி மாலை நித்திலா ஊதினாள். நாற்பத்திரண்டு.

ஜூன் முதல் வாரம் குன்றின் மேல், கண்ணாடிக் கூரைக்குக் கீழே, வெள்ளைச் சீருடை அணிந்த மருத்துவர் நித்திலாவின் முதுகில் கருவியை வைத்துக் கேட்டார். கூடத்துச் சுவரில் தங்கப் பதக்கம் வாங்கியவர்களின் பலகை தொங்கியது. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் சேரும்போது இருந்த எண், வெளியேறும்போது இருந்த எண்.

"கவலப்படாதீங்க. நெறைய ஏறியிருக்கு. ஆனா எங்க சிகிச்சைக்கு நல்ல பேரு" என்றார் மருத்துவர். "தெனம் காலையில ஊசி, சாயந்திரம் கஷாயம். பத்து வருஷம் விடாம குடுத்தா ஆறுக்குக் கொண்டு வந்துடலாம். போன வருஷம் தங்கப் பதக்கமே ஆறுக்குத்தான்."

ஜெசிந்தா பையிலிருந்து நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தாள். ஏப்ரல் இரண்டு. காற்று: தெற்கு. மதிப்பெண்: ஆறு.

நித்திலா இருமிக்கொண்டே பதக்கப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்டாள்:

"ஏன் டாக்டர், இவ அஞ்சுக்குக் கொண்டுவந்துட்டா, முதல் ரேங்க் இவளுக்குத்தான?"