கீறல் விழாத கறுப்பு

வண்டிக் காகிதத்தில் நிறம் கறுப்பு என்று இருந்தது. ஷெட்டுக்குள் வந்து நின்ற கார் அடுப்புக்கரி பூசிய மாதிரி இருந்தது. கூரையிலிருந்து கதவின் அடிவிளிம்பு வரை, ஓர் அங்குலம் விடாமல், வட்ட வட்டமாகக் கீறல்கள்.

"பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் போட்டுத் தேச்சிருக்காங்க அம்மு. எந்தப் பாவியோ!"

பளபளாவுக்கு நெஞ்சே வலித்தது. செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை அவருக்கு. நாக்கு நுனிக்கு ஒரு சொரசொரப்பு தட்டக் கூடாதென்று பகல் முழுக்க மெருகு போடுகிறவர். பெயர் அப்படித்தான் வந்தது.

"பல்லைத் தேச்ச கை சும்மா இருக்குமா? இந்த சனி, ஞாயிறு எனக்குப் புருஷன் கிடையாது" என்று சிரித்தாள் மனைவி அம்மு.

காரை விற்ற அம்மாள் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றுதான் சொன்னார். "ஓட்டுங்க. ஆனா தேய்க்காதீங்க." ஏன் என்று கேட்பதற்குள் கதவைச் சாத்திவிட்டார்.

பளபளாவிடம் தேய்க்காதே என்பது பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிற கதை.

சனிக்கிழமை காலையே ஆரம்பித்துவிட்டார். இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு நுரை, மற்றதில் வெறும் தண்ணீர். கையுறையை வெறும் தண்ணீரில் அலசாமல் நுரையில் முக்க மாட்டார். ஒரு மணல் பொடி போதும், புதுக் கீறல் விழ. அப்புறம் பசைக்களிமண்ணை உருட்டி ஒட்டிய தூசியெல்லாம் எடுத்தார். கடைசியில் பாலிஷ் மெஷின். மனைவி விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள்.

முன்கதவு முதலில் விழித்தது. அதில் அம்மு தெரிந்தாள். கையில் விளக்கு.

அவளுக்குப் பின்னால், சுவரோரம், புகை மாதிரி ஒரு நெட்டை நிழல்.

பளபளா திரும்பினார். சுவரில் துடைப்பம் மட்டும் சாய்ந்திருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. மெருகு சரியா ஏறலைன்னா இப்படிப் புகை நிக்கும். இன்னும் நைஸா ஒரு தடவை ஓட்டினா போயிடும்."

ஓட்டினார். புகை போகவில்லை. புகைக்குத் தோள் வந்தது.

பின்கதவில் அது சுவரைவிட்டு ஓரடி நகர்ந்திருந்தது. பானெட்டில் இன்னும் ஓரடி. ஈர மண்ணின் வாடை அடித்தது. தரைதான் காயவில்லை என்று நினைத்துக்கொண்டார். மேலும் நைஸான பாலிஷ் மருந்தை எடுத்தார்.

"வலது தோள் மரத்துப் போச்சுங்க" என்றாள் அம்மு. "விளக்கைப் பிடிச்சுப் பிடிச்சு."

"நாளைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ மகாராணி. கோட்டிங் போட்டா முடிஞ்சது."

ஞாயிறு நண்பகல். தூசு வராமலிருக்க ஷட்டரை இறக்கினார். கட்டைவிரல் அளவு கோட்டிங் பாட்டில். கடைக்காரர் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தார். "அஞ்சு வருஷத்துக்கு எதுவும் ஒட்டாது சார். மீறிக் கீறல் விழுந்தாலும் வெயில் சூடு பட்டா தானே ஆறிடும்."

ஒவ்வொரு சொட்டாகத் தடவி, மென்துணியால் ஒற்றினார். நாலு மணி நேரத்தில் கார் கறுப்புக் கண்ணாடியாக நின்றது.

அதில் எல்லாமே துல்லியமாகத் தெரிந்தது.

நெட்டை ஆள். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. வலது கை அம்முவின் தோளில் இருந்தது.

முகம் மட்டும் பளபளாவை நோக்கித் திரும்பியிருந்தது. நன்றி சொல்வதுபோல.

போனை எடுத்துக் காரை விற்ற அம்மாளை அழைத்தார்.

"தேச்சிட்டீங்களா?" எடுத்ததும் அதைத்தான் கேட்டார்.

"அம்மா... அது யாரு?"

"தெரியாது. கார் புதுசா மின்னினப்ப எங்க பொண்ணு பின்னால நின்னுச்சு. மூணாம் நாள் பொண்ணைக் காணோம். அப்புறம்தான் எங்க வீட்டுக்காரர் கம்பி நாரை எடுத்தாரு. உருவம் தெரியலைன்னா அதால ஒண்ணும் முடியாது. கீறுங்க! இப்பவே கீறுங்க!"

சமையலறைக்கு ஓடிக் கம்பி நாரோடு வந்தார். "அம்மு, வெளிய போ!"

"கால் நகர மாட்டேங்குதுங்க..."

உடம்பின் பாரம் முழுவதும் கொடுத்துத் தேய்த்தார். நார் வழுக்கியது. உப்புத்தாள் கிழிந்தது. கதவுக்கு வாங்கி வைத்திருந்த பெயின்ட் டப்பாவை எடுத்து அப்படியே கவிழ்த்தார். தாமரை இலைத் தண்ணீராக, பெயின்ட் முத்து முத்தாய் உருண்டு தரையில் விழுந்தது.

கார்மேல் ஒரு சொட்டு ஒட்டவில்லை.

எதுவும் ஒட்டாதபடி செய்திருந்தது அவர் கைதான்.

"தோள் இல்லாத மாதிரி இருக்கு" என்று அம்மு முனகினாள். "என்னைப் பிடிச்சுக்கோங்களேன்..."

நாரை வீசிவிட்டுத் திரும்பினார்.

விளக்கு தரையில் உருண்டுகொண்டிருந்தது.

ஷட்டர் இறங்கியபடியே இருந்தது. வீட்டுக்குள் போகும் கதவை மறித்துக்கொண்டு அவரேதான் நின்றிருந்தார்.

"அம்மு?"

அவள் பானெட்டில் இருந்தாள். கறுப்புக்குள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. உள்ளங்கையால் அறைந்தாள். நெட்டை ஆளைக் காணவில்லை. அவள் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது.

சுத்தியலை ஓங்கினார். ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அடிவிழும் இடத்தில் அவள் முகம்.

அப்போதுதான் அது நடந்தது.

பானெட்டில் மெல்லிசாக ஒரு கீறல். பிறகு இன்னொன்று. ஐந்து கோடுகள், பக்கத்தில் பக்கத்தில். உள்ளேயிருந்து நகத்தால் கீறுகிறாள்!

பளபளா அழுதார், சிரித்தார். ஆயுளில் முதல்முறையாக ஒரு கீறலைக் கும்பிட்டார். "கீறு அம்மு! விடாத, கீறு!"

வெளிச்சம் போதவில்லை. இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டும். ஓடிப்போய் ஷட்டரைத் தூக்கினார்.

மாலை வெயில் சரிந்து வந்து பானெட்டில் விழுந்தது.

முதல் கோடு மறைந்தது.

"ஐயோ!" ஷட்டரைப் பிடித்து இழுத்தார். பாதியில் சிக்கிக்கொண்டது. காருக்கும் வெயிலுக்கும் நடுவே கையை விரித்து நின்றார். அவர் நிழல் பானெட்டில் பாதிதான் மூடியது.

இரண்டாவது. மூன்றாவது. நான்காவது.

கடைசிக் கோட்டின்மேல் உள்ளங்கையைப் பொத்தி வைத்துக்கொண்டார். அடியில், அவள் நகம் சுரண்டுவது கைக்குத் தெரிந்தது.

உள்ளங்கையின் சூடும் சூடுதான். கையை எடுத்தபோது பானெட்டில் நாக்கு நுனிக்குக்கூட ஒரு சொரசொரப்பு இல்லை.