அப்பாவின் ஒரு மணி நேரம்

தென் கொரியாவின் பூசான் நகரத்து மலைச்சரிவில் ஒரு சலவைக் கடை இருந்தது. அதற்கு மேல் மாடியில்தான் பத்து வயது நாரேயின் வீடு. கடையை நடத்தியது அவள் அப்பா தல்சு.

அப்பாவுக்கு எடை ஏறிக்கொண்டே போனது. ரத்த அழுத்தமும் கூடியது. தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அம்மா அன்றைக்கே புது ஷூ வாங்கி வந்தாள்.

மறுநாள் காலையில், மலையுச்சிக் கோயில் வரை போய் வருவதாகச் சொல்லிவிட்டு அப்பா கம்பீரமாகக் கிளம்பினார். பாதிப் படிக்கட்டிலேயே மூச்சு வாங்கியது. முழங்கால் வலித்தது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார்.

"என்ன தல்சு, அதுக்குள்ள மலையவே சுத்தி வந்துட்டியா?" என்று சிரித்தபடி கேட்டார் எதிர்க் காய்கறிக் கடை அம்மாள்.

அப்பாவும் சிரித்தார். ஆனால் அதன் பிறகு ஷூவைத் தொடவே இல்லை. அம்மா ஞாபகப்படுத்தினால், கடையில் வேலை இருக்கிறது என்று நழுவினார்.

ஒருநாள் நாரே துணி மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"ஒரு மணி நேரமெல்லாம் என்னால முடியாது நாரே. அம்மாகிட்ட சொல்லிடாதே."

நாரேக்கு என்னவோ போல் இருந்தது. இரவு படுத்தபடி அதையே யோசித்தாள்.

மறுநாள், பை கனமாக இருப்பதாகச் சொல்லி அப்பாவைப் பள்ளி வாசல் வரை வரச் சொன்னாள். தங்கள் ஆசிரியர் தும்மினால் ஜன்னல் அதிரும் என்று வழியெல்லாம் நடித்துக் காட்டினாள். சிரித்துக்கொண்டே வந்த அப்பாவுக்குப் பள்ளி வந்ததே தெரியவில்லை.

பள்ளி விட்டதும் தனியாக வரப் பிடிக்கவில்லை என்றாள். அப்பா வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு, துறைமுக விளக்குகளைப் பார்க்க வேண்டும் என்றாள். தெருமுனை வளைவு வரை இருவரும் போய் வந்தார்கள். இப்படியே நாட்கள் போயின.

ஒரு காலையில் அப்பா பையைத் திறந்து பார்த்தார்.

"நீச்சல் வகுப்புக்கான துண்டு மட்டும்தான் இருக்கு. இதுவா கனம்?"

நாரேயின் முகம் சிவந்தது. "ஒரேயடியா நடக்க உங்களால முடியலை. அதான் கொஞ்சம் கொஞ்சமா... எல்லாத்தையும் கூட்டினா ஒரு மணி நேரம் வந்துடும்பா."

அப்பா அவள் தலையைத் தடவிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

அன்று மதியம் பக்கத்துத் தெருவுக்குச் சட்டைகளைக் கொடுக்கப் போனபோது, மோட்டார் சைக்கிளை அவர் எடுக்கவில்லை. நடந்தே போனார். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நாரேயும் கூடப் போனாள். எடை கொஞ்சம் குறைந்திருந்தது. ரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. ஒரே மூச்சாக நடக்கவில்லை என்ற உண்மையை அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பிரிச்சுப் பிரிச்சு நடந்தா என்ன? அதுவும் நடைதான். இப்படியே போங்க," என்றார் டாக்டர்.

வீடு திரும்பும்போது, இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே அப்பா பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டார். எதிரே செங்குத்தான ஏற்றம். கால் வலிக்கிறது, அடுத்த பஸ்ஸில் போகலாம் என்று நாரே சிணுங்கினாள்.

"மூச்சு வாங்கினா சொல்லு. உக்காந்து உக்காந்து போலாம்," என்று சொல்லிவிட்டு அப்பா ஏறத் தொடங்கினார்.