ஹெச்சா, யூவா?

பொன்னேரிக் கடைத்தெருவில் மழை பிடித்துக்கொண்டது. குடையை மடக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் கடைக்குள் நுழைந்த துர்காதேவி, தேடி வந்த லேப்டாப் பெட்டியின் மேல் கை வைத்தாள். அதே பெட்டியின் மறுபக்கத்தில் இன்னொரு கை...

"இது நான் சொல்லி வச்சதுங்க," என்றான் கைக்குச் சொந்தக்காரன்.

கடைக்காரர் சின்னதுரை நெளிந்தார். "ஹெச் பிராசசர் போட்டது ஒண்ணுதாம்மா கீது. தானியேல் தம்பி காலையிலயே சொல்லிட்டாரு. நீ யூ போட்டத எடுத்துக்கயேன். அதே கம்பெனி, அதே விலை. கடைசி எழுத்துதான் வேற."

"அந்த எழுத்துலதாண்ணே எல்லாம் கீது. யூவுல சார்ஜ் நிக்கும், ஹெச்சுல வேகம் ஜாஸ்தி. எனக்கு மெஷின் டிராயிங் போடணும்." தானியேல் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னா பண்ணப் போறீங்க?"

"ஃபேக்டரி ஃபேக்டரியா சுத்தி சேஃப்டி ரிப்போர்ட் டைப் பண்ணுவேன்."

"டைப் பண்றதுக்கா ஹெச்சு? கொசு அடிக்கக் கடப்பாரையா?"

சின்னதுரை சிரித்துவிட்டார். தானியேலின் காது சிவந்தது. கண்கள் மட்டும்... கோபப்படவே தெரியாத கண்கள். அதனாலேயே அவளுக்கு எரிச்சல் கூடியது.

"சொல்லி வச்சது நான்தானே," என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனி அவளிடம் மாதிரி டிராயிங் கேட்டிருந்தது. பிடித்திருந்தால் வேலை. பழவேற்காட்டு ஏரியை நம்பியிருந்த அவள் வீட்டில் யாரும் மாதச் சம்பளம் வாங்கியதில்லை. வேறு கடை தேட நேரமில்லாமல் யூவையே வாங்கினாள்.

தனித்தனி உதிரிகள் வரை அது நன்றாகவே ஓடியது. எல்லாவற்றையும் ஒன்றாகப் பொருத்தியதும் திணறி நின்றது. கம்பெனிக்கே போய்க் கூடுதல் அவகாசம் கேட்டு வாங்கிக்கொண்டு, கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வந்தாள்.

பிளாட்பாரத்துச் சுவர் ஓரம், சார்ஜ் போடும் இடத்தில் தானியேல் குந்தியிருந்தான். பேசாமல் கடந்து போகத்தான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"இன்னா சார்... ஹெச்சு தூங்கிப்போச்சா?"

"மதியமே படுத்துக்கிச்சுங்க. ரிப்போர்ட் பாதியில நிக்குது. உங்க டிராயிங்?"

பொய் சொல்ல வாயெடுத்தாள். அந்தக் கண்கள் விடவில்லை. "மூச்சு முட்டுது."

"மாத்திக்கலாமா?"

"பாவம் பாத்து குடுத்தா நான் வாங்கமாட்டேன்."

"பாவம் இல்லீங்க. எனக்கு யூதான் சரி. அது கடையிலயே புரிஞ்சிபோச்சு."

"புரிஞ்சும் ஏன் குடுக்கல?"

கூரைத் தகரத்தில் மழை தட்டியது. அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான். "மொதல்ல ரோஷம். அப்புறம்... குடுத்திருந்தா தேங்க்ஸ் சொல்லிட்டு போயிருப்பீங்க. சண்ட போட்டதாலதான் இன்னும் கொஞ்ச நேரம் நின்னீங்க."

துர்கா உடனே உருகிவிடவில்லை. நம்பலாமா என்று நிதானமாகத்தான் யோசித்தாள். "பேஜாரு புடிச்ச ஆளுங்க நீங்க," என்று பையிலிருந்து தன் லேப்டாப்பை எடுத்து நீட்டினாள். ஏதாவது சந்தேகம் வந்தால் கேட்க என்று இருவரும் போன் நம்பரும் வாங்கிக்கொண்டார்கள்.

அவன் கொடுத்த ஹெச்சில் டிராயிங் தடங்கலில்லாமல் முடிந்தது. கம்பெனியிலிருந்து சேதி வந்ததும், வீட்டில் சொல்லிவிட்டு வெளியே வந்து அவனை அழைத்தாள்.

"வேலை கெடச்சிருச்சு."

"ரொம்ப சந்தோஷங்க!"

"அப்போ இனிமே உங்ககிட்ட பேச எனக்கு ஒரு காரணமும் இல்ல..."

சொல்லிவிட்டு, போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள் துர்கா.

"காரணம் இல்லாமலே பேசணும்னு இருக்குது தானியேல்... பேசட்டா?"