ஏழாம் அறையின் பொத்தான்கள்

காலை ஏழு மணிக்கு ஆயா மின்னல், மறதிநோய் முதியவர்களின் வார்டுக்குள் நுழைந்தாள். பினாயிலும் மூத்திர வாடையும் கலந்து முகத்தில் அடித்தன. எட்டு மணிக்குள் ஆறு பேரைக் குளிப்பாட்டி, உடுத்தி, சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துவிடுவாள். அந்த வேகத்துக்குக் கிடைத்த பட்டப்பெயர்தான் மின்னல்.

தலைமை நர்ஸ் படித்துப் படித்துச் சொல்வார். "அவங்களால முடிஞ்சத அவங்களே செய்யட்டும்மா. பக்கத்துல நின்னா போதும். ஒரு தடவ கை மறந்துட்டா திரும்ப வராது."

"சரிங்க சிஸ்டர்" என்பாள். அதோடு சரி.

ஏழாம் அறையில் தையல்காரம்மா. பெற்ற மகனையே அடையாளம் தெரியாது, பாவம். ஆனால் சட்டையின் ஐந்து பொத்தான்களையும் தானே போட்டுக்கொள்வாள். பத்து நிமிடம் ஆகும். முடித்ததும் அப்படி ஒரு சிரிப்பு. மின்னலுக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

"கைய எடு. நான் போடுறேன்."

தினமும் கிழவியின் விரல்களில் பட்டென்று ஓர் அடி. பிறகு பதிவுத் தாளில், 'தானே உடுத்திக்கொண்டார்' என்று ஒரு டிக்.

இரண்டே மாதத்தில் அந்தக் கைகள் பொத்தானை மறந்தன. அப்புறம் கரண்டியை. கடைசியில் விழுங்கவும் மறந்து தையல்காரம்மா போய்ச் சேர்ந்தாள். அன்றைக்கும் மின்னல் எட்டு மணிக்குள் வேலையை முடித்துவிட்டாள்.

மறுநாள் காலை, உடை மாற்றும் அறையில், சீருடையின் முதல் பொத்தானைப் பிடித்தாள்.

அவள் விரல்களில் பட்டென்று ஓர் அடி விழுந்தது.

அறையில் யாரும் இல்லை.

சில்லிட்ட விரல்கள் அவள் கையை ஒதுக்கின. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல் நுனிகள். பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. பின்கழுத்தில் ஒரு கிசுகிசுப்பு.

"கைய எடு. நான் போடுறேன்."

அன்றிலிருந்து சீப்பைத் தொட்டால் சீப்பு பறிபோனது. கரண்டியை எடுத்தால் அது பல்லில் இடித்துக்கொண்டு வாய்க்குள் இறங்கியது.

"என்னடி இப்படி அள்ளித் திணிக்கிற? மெதுவா சாப்பிடேன்" என்றான் புருஷன். அவன் கண்ணுக்கு அவள் கை மட்டும்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் ஒரு காலையில் அந்த விரல்கள் வரவில்லை. அப்பாடா என்று சட்டையை மாட்டிக்கொண்டு பொத்தானைப் பிடித்தாள். வட்டமாக ஏதோ ஒன்று. இதை என்ன செய்வது? எதற்குள் நுழைப்பது?

தெரியவில்லை.

மின்னல் கட்டிலில் சரிந்து விக்கி விக்கி அழுதாள். "மன்னிச்சிடுங்கம்மா. எதையாவது எனக்குன்னு விட்டு வைங்கம்மா."

காய்த்த விரல்கள் அவள் நெஞ்சின்மேல் வந்து உட்கார்ந்தன. அழும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல் தட்டின.

"மூச்சு வாங்குதா கண்ணு? விடு. அதையும் நான் பாத்துக்கறேன்."

நெஞ்சு தானாக மேலெழும்பியது. மூச்சு உள்ளே போனது, நிரம்பியது, நின்றது.

அதை வெளியே விட அந்தக் கைகளுக்கு எந்த அவசரமும் இல்லை.