கப்பலில் வந்த சரக்குப் பெட்டி

பிரேக்கை இறுக்கியது அம்மா. அதனால்தான் நான் பார்த்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை.

என் அம்மா ரயில் அருங்காட்சியகத்தின் பணிமனையில் பிட்டர். ஓட்டம் நின்றுபோன பழைய பெட்டிகளைப் பிரித்து, துரு நீக்கி, மறுபடி பூட்டுவது அவர் வேலை. அந்த மாதம் வெளிநாட்டிலிருந்து நான்கு சரக்குப் பெட்டிகள் கப்பலில் வந்திருந்தன. குறுகிய தண்டவாளத்தில் ஓடுகிறவை. அந்தத் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் காலை வைத்து நானே நின்றுவிடலாம், அவ்வளவு குறுகல். ஆனால் ஒவ்வொரு பெட்டியும் யானைக் கனம்.

"அந்த ஊர்லயே இப்ப இந்த மாதிரி கிடையாதாம். எல்லாத்தையும் உடைச்சுப் பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்க. மிச்சம் இருக்கறது நம்மகிட்ட மட்டும்தான்" என்று அம்மா சொன்னார். அதனால் ஒரு பலகையைக் கழற்றினால்கூட, அதில் சுண்ணக்கட்டியால் குறி போட்டு, பழைய இடத்திலேயே பொருத்துவார்கள்.

பள்ளி விடுமுறையில் நானும் அங்கே போவேன். துணியால் துருத்தூளைத் துடைப்பது என் வேலை. அங்கே என்னை எல்லாரும் 'டவுட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். பேர் வைத்தவர் சித்தப்பா. அவர் அந்தப் பணிமனையின் தச்சர்.

அன்று காலை சித்தப்பா பணிமனைக்குள் ஒரு குழியில் இருந்தார். குழிக்கு மேலே, முதலில் வந்த சரக்குப் பெட்டியை ஜாக்கிகளால் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அதன் அடியில் நின்றுகொண்டு, மக்கிப்போன தரைப்பலகைகளை அவர் மாற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது பெட்டி வெளியே முற்றத்தில் நின்றது. மற்ற இரண்டும் இன்னும் தள்ளி நின்றன. அந்த முற்றத்திலிருந்து தண்டவாளம் லேசான சரிவாக இறங்கி, நேராகச் சித்தப்பாவின் குழிக்குத்தான் போகிறது.

பெட்டியைக் கிரேன் இறக்கி வைத்ததும், அம்மா அதன் சக்கரங்களுக்கு முன்னால் முட்டுக்கட்டைகளை அடித்தார். பிறகு பெட்டியின் மேல் மூலையில் இருந்த கைச்சக்கரத்தை வலப்பக்கமாகச் சுற்றினார். இனி சுற்றவே முடியாது என்கிற வரை சுற்றினார். "இறுகிடுச்சு" என்று சொல்லிவிட்டு, போல்ட்டு எடுக்கப் பண்டக அறைக்குப் போனார்.

நான் குனிந்து சக்கரத்தைத் துடைத்தேன். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் வளைந்த இரும்புத் துண்டு ஒன்று இருக்கும். பிரேக் ஷூ என்பார்கள். பிரேக் போட்டால் அது சக்கரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும்.

என் துணி சக்கரத்துக்கும் ஷூவுக்கும் நடுவே நுழைந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்தது.

இழுத்தேன். தலையில் கட்டிய ரிப்பன் அவிழ்வது போல வழுக்கிக்கொண்டு வந்தது.

தப்பான இடத்தில் விட்டிருப்பேன் என்று நினைத்தேன். அடுத்த சக்கரத்தில் விட்டுப் பார்த்தேன். அங்கேயும் வந்தது. ஒருவேளை எல்லாப் பெட்டியிலும் இப்படித்தானோ? பக்கத்துத் தண்டவாளத்தில் எங்கள் பழைய உள்ளூர்ப் பெட்டி ஒன்று பிரேக் போட்டு நின்றது. அங்கே ஓடிப்போய்ப் பார்த்தேன். அதில் துணி என்ன, என் நகம்கூட நுழையவில்லை.

அம்மாவிடம் சொல்லத் திரும்பினேன்.

அப்போது அருங்காட்சியகப் பொறுப்பாளர் ஒரு போட்டோக்காரரோடு வந்தார். பின்னால் பெயிண்டர் மாமா.

"பத்திரிகையில முதல் பக்கத்துல வரப்போகுது" என்றார் பொறுப்பாளர். அவர் அன்று புதுச் சட்டை போட்டிருந்தார்.

போட்டோக்காரர் கேமராவுக்குள் பார்த்தார். "சார், இந்தக் கட்டை எல்லாம் எடுத்துடலாமா? படத்துல அடைசலா தெரியுது."

"தாராளமா. பிரேக்தான் போட்டிருக்கே. பெயிண்டரே, அதைத் தட்டி எடுத்துடுங்க."

"சார், வேண்டாம்!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "சார், பிரேக் பிடிக்கல."

"யார் சொன்னா?"

"துணி உள்ள போகுது சார்."

"துணியா?" அவர் சிரித்தார். "பிரேக் போட்டது யாரு?"

"எங்கம்மா."

"உங்கம்மா இறுக்குன போல்ட்டைக் கழட்ட ரெண்டு ஆள் வேணும். அவங்க மேலயே டவுட்டா?"

பெயிண்டர் மாமாவும் சிரித்தார். "அது காலையில எழுந்ததும் விடிஞ்சிடுச்சான்னு ரெண்டு தடவை பார்க்குற புள்ளை சார்" என்று சொல்லிவிட்டு, முட்டுக்கட்டையைக் காலால் உதைத்தார். அது அசையவில்லை. "அண்ணி நல்லா அடிச்சு வச்சிருக்காங்க. சுத்தியல் எடுத்துட்டு வந்துடுறேன்."

அவர் சுத்தியல் தேடிப் போனார். பொறுப்பாளர் தலையை வாரிக்கொண்டார்.

பண்டக அறை முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு வருவதற்குள் கட்டையை எடுத்துவிட்டால்?

நான் தப்பாக இருந்தால் எல்லாரும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். நான் சரியாக இருந்தால் சித்தப்பா குழிக்குள் இருக்கிறார்.

பணிமனை வாசலுக்கு ஓடினேன். சுவரோரம் உபரி முட்டுக்கட்டைகள் கிடந்தன. ஒவ்வொன்றும் என் தம்பி கனம் இருந்தது. அவனைப் போலவே நகர மாட்டேன் என்றது. ஒன்றை இழுத்து, வாசலுக்கு வெளியே ஒரு தண்டவாளத்தின் மேல் வைத்தேன். இன்னொன்றை அடுத்த தண்டவாளத்தின் மேல் வைத்தேன். இரண்டும் நேருக்கு நேர் இருக்கிறதா என்று பார்த்தேன். கோணலாக இருந்த ஒன்றை நகர்த்தி வைத்தேன்.

பிறகு குழிக்குப் போனேன்.

"சித்தப்பா, வெளிய வாங்க!"

டொக் டொக் என்று ஆணி அடிக்கும் சத்தம். "என்னடி?"

"சீக்கிரம் வெளிய வாங்க சித்தப்பா! முற்றத்துல நிக்கிற பெட்டிக்குப் பிரேக் பிடிக்கல!"

"உங்கம்மா போட்டாச்சு. நான் பார்த்துட்டுதான் இறங்கினேன். கையில பலகை இருக்கு, போ அந்தப் பக்கம்."

விளக்கிச் சொல்ல ஏது நேரம்? குழிக்குள் போகும் விளக்கின் ஒயர் என் காலடியில் ஓடியது. சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கினேன்.

குழி இருட்டானது. ஆணிச் சத்தம் நின்றது.

"யாரது கரண்ட்டுல விளையாடுறது? வந்தேன்னா தோலை உரிச்சுடுவேன்!" கத்திக்கொண்டே சித்தப்பா படியேறி வந்தார். தலையெல்லாம் மரத்தூள். "நீயா? ஏய் டவுட்டு, உனக்கென்ன பைத்தியமா?"

நான் அவர் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்தேன்.

வெளியே சுத்தியல் அடி கேட்டது. ஒரு கட்டை உருண்டது. பிறகு இன்னொன்று.

பெட்டி அசையவில்லை.

போட்டோக்காரர் "ரெடி சார், கொஞ்சம் சிரிங்க" என்றார். என் முகம் சுட்டது. நான்தான் தப்பு. அம்மா இறுக்கினால் தப்பாகுமா? சித்தப்பா என்னை முறைத்துப் பார்த்தார்.

கிரீச் என்று மெல்லிய சத்தம் கேட்டது.

பெட்டி ஆமை போல நகர்ந்தது. பிறகு ஆமை மாதிரி இல்லை.

"ஐயோ, பிடிங்க! பிடிங்க!" என்று பொறுப்பாளர் அலறினார். பெயிண்டர் மாமா பெட்டியின் கம்பியைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். பெட்டி அவரையும் இழுத்துக்கொண்டு இறங்கியது.

"கையை விடுங்க!" அம்மாவின் குரல். பண்டக அறை வாசலில் அவர் கையிலிருந்த போல்ட்டுகள் சிதறின. "விட்டுட்டுத் தள்ளி நில்லுங்க!"

மாமா விட்டார். பெட்டி வேகமெடுத்து எங்களை நோக்கி வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கட்டைகள் நசுங்கும் சத்தம். இரும்பு இரும்பில் உரசும் சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை.

கண்ணைத் திறந்தேன். பெட்டி இரண்டு முட்டுக்கட்டைகளையும் தள்ளிக்கொண்டு வாசல் தாண்டி வந்து நின்றிருந்தது. அதற்கும் ஜாக்கி மேல் நின்ற பெட்டிக்கும் நடுவே நின்று சித்தப்பா இரண்டு கையையும் நீட்டினால் இரண்டையும் தொட்டுவிடலாம்.

சித்தப்பா குழியைப் பார்த்தார். ஜாக்கிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

அம்மா மூச்சிரைக்க ஓடி வந்தார். முதலில் என்னைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சித்தப்பாவை. "உனக்கு எப்படித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டார்.

நான் துணியைக் காட்டினேன். சக்கரத்துக்கும் ஷூவுக்கும் நடுவே விட்டு, மறுபக்கம் இழுத்தேன்.

அம்மா புதிய கட்டைகளை அடித்துவிட்டுக் கைச்சக்கரத்தைப் பிடித்தார். வலப்பக்கம் சுற்றினார். அசையவில்லை. சற்று யோசித்துவிட்டு, இடப்பக்கம் சுற்றினார். அடியில் கம்பிகள் நகர்ந்தன. ஷூக்கள் சக்கரத்தை நெருங்கின.

"நம்ம வண்டி எல்லாம் வலப்பக்கம் சுத்தினா இறுகும். இது எதிர்ப்பக்கம்" என்றார் அம்மா. "முழுசா கழண்டாலும் கடைசியில போய் நின்னுக்குது. நான் அதை இறுகிடுச்சுன்னு நினைச்சுட்டேன். அடியில பார்க்கல. என் தப்பு."

"கட்டையை எடுக்கச் சொன்னது நான்தானே. பாப்பா சொல்லியும் கேட்கல" என்றார் பொறுப்பாளர். புதுச் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"யார் தப்புன்னு ரெண்டு பேரும் அப்புறமா பங்கு பிரிச்சுக்கங்க" என்றார் சித்தப்பா. "முதல்ல நான் உட்கார ஒரு இடம் குடுங்க."

பெயிண்டர் மாமா ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டார். சித்தப்பா அதில் உட்கார்ந்து என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு பெட்டி வெளிய நிக்குது" என்றார் அம்மா. "வா. நான் மேல சுத்துறேன். நீ கீழ பாரு."

மூன்றாவது பெட்டியின் அடியில் குனிந்தேன். துணியை நடுவில் விட்டேன். மேலே கைச்சக்கரம் சுழன்றது.

"பிடிச்சிருச்சா?"

"இன்னும் இல்லம்மா."

"இப்ப?"

துணியை இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். அடுத்த சக்கரத்துக்குப் போய், அங்கேயும் பார்த்தேன். பிறகு மறுபக்கம் சுற்றி வந்து மீதி இரண்டையும் பார்த்தேன்.

"பிடிச்சிருச்சு" என்றேன்.

அதுவரை அம்மா கைச்சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.